மேற்கு அறையில் காப்பி மணம்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, மேற்கு அறையின் சன்னல் கொக்கியை கௌசிகா சுத்தியலால் தட்டினாள். மூன்று மாதமாகத் திறக்காத சன்னல். நாலாவது தட்டில்தான் கொக்கி மனசு வைத்தது.

"சாத்து கண்ணு. ஆராச்சும் பாப்பாங்க" என்றாள் கட்டிலில் படுத்திருந்த கமலாத்தாள்.

"பாக்கட்டுங்மா."

"உங்க அத்தை வந்தா வையும்."

"வையட்டுங்மா."

கமலாத்தாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலைமாட்டில் ஒரு துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. மாற்றுப் புடவை, மாத்திரை டப்பா, துண்டு. தன்னை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து, கேட்பதற்கு முன்பே அவளே கட்டி வைத்துவிட்டாள். 

அனுப்பச் சொன்னவள் பொன்னாத்தாள், அப்பாவின் அக்கா. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு நடுவில் இருக்கும் இந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் வாயிலிருந்துதான் புறப்படும். போன வாரம் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நடுநாயகமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வேலந்தாவளத்துக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இது மூணாவது. கமலாளை ஒம்பது மணிக்கே தோட்டத்துச் சாளைக் கொட்டாய்க்கு அனுப்பிப்போடோணும். கேட்டா, கோயமுத்தூரு ஆசுபத்திரிக்குப் போயிருக்கறான்னு சொல்லிக்கலாம். அந்த நாத்தத்தை ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எப்பிடிப்பா நல்ல காரியம் பேசறது?"

அப்பா குப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசிகா எழுந்து போய்விட்டாள். அவள் பேசாமல் போனதைச் சம்மதம் என்று அத்தை எடுத்துக்கொண்டாள்.

கமலாத்தாளுக்குக் குடலில் கட்டி வந்து அறுவை நடந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். உயிர் பிழைத்தாள். ஆனால் வயிற்றின் இடப்பக்கம் ஒரு பை. கழிவு அதில்தான் இறங்கும். இன்னும் எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் பை சரியாக ஒட்டாமல் இரண்டு முறை ஒழுகியது. அன்றைக்கு மேற்கு அறைக்குள் போனவள்தான், பிறகு வெளியே வரவே இல்லை. சன்னலைச் சாத்தச் சொன்னாள். கதவையும் சாத்தச் சொன்னாள். சோற்றுத் தட்டு வந்தால் வாங்கிக்கொண்டு, "போ கண்ணு, இங்க நிக்காத" என்பாள்.

கௌசிகாவுக்கு அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் தரப்பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. மூக்குக்குப் பரீட்சை வைத்து எடுத்த வேலை. எண்ணெய் கெட்டுக் காறல் வாடை அடிக்கத் தொடங்கினால், கருவி காட்டுவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு, அம்மாவிடமிருந்துதான் நாற்றம் வருகிறது என்று அவளும் மூன்று மாதம் நம்பியிருந்தாள்.

வியாழக்கிழமை, படுத்த நோயாளிகளைக் கவனிக்கப் பஞ்சாயத்திலிருந்து வீடு தேடி வந்த பாலியேட்டிவ் நர்சு ஜோமோள்தான் அந்த நம்பிக்கையை உடைத்தாள். கோட்டயத்துக்காரி. பாதி மலையாளம், பாதி தமிழ். பையை மாற்றிவிட்டுக் கைகழுவி வந்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மே, பை நல்லா ஒட்டியிருக்கு. அதுல ஒரு மணமும் இல்லா. மணம் இந்த முறியிலதான். மெத்தை, தறை, அந்த ஓவு. சன்னல் தொறக்காம வச்சா எந்த முறியும் இப்படித்தான்." பிறகு கௌசிகாவின் பக்கம் திரும்பி, "அடுக்களையில அப்பக்காரம் உண்டல்லோ?" என்றாள்.

முறி என்றால் அறை; அப்பக்காரம் என்றால் ஆப்பச்சோடா. சமையலறையில் இருந்தது. அதைவிட முக்கியமாக, கௌசிகாவுக்கு இப்போது கோபம் இருந்தது. ஞாயிறு காலை சன்னலைத் திறந்த கையோடு அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்மா, எந்திரிங்க. இந்த நாற்காலில உக்காருங்க. மெத்தையை எடுக்கோணும்."

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"முன்வாசலுக்கு. அங்கதான் வெயில் நல்லா விழுகும்."

கமலாத்தாள் பதறிப்போனாள். "வேண்டாங் கண்ணு. கறை இருக்குது. ரோட்ல போறவங்க வர்றவங்க எல்லாம்..."

"கறை இருந்தா என்னங்மா? சீக்கு வந்த ஊட்ல மெத்தை வெயில்ல காயாதா?"

இலவம்பஞ்சு மெத்தை. ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. கதவு நிலையில் சிக்கிக்கொண்டு நின்றபோது, மறுமுனை தானாக உயர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பா. தோட்டத்துக்கு மடை திறக்கக் கிளம்பியவர், தோளில் துண்டோடு குனிந்து மெத்தையைப் பிடித்திருந்தார்.  இருவரும் ஆசாரம் வழியாகத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்தார்கள்.

கௌசிகா ஆப்பச்சோடாவை மாவுச் சல்லடையில் போட்டு, மெத்தை முழுக்கக் கோலமாவு போலத் தூவினாள். கறையின் மேல் கொஞ்சம் கூடுதலாக.

"இது எதுக்கு?" என்று கேட்டார் குப்பண்ணன்.

"நாத்தத்தை இழுத்துக்கும்ங்ப்பா. நாலு மணி நேரம் கழிச்சுத் தட்டிப்போட்டாப் போதும்."

அவர் தலையை ஆட்டினார். போகும்போது மெத்தையின் மடங்கிய மூலையை நீவி நேராக்கிவிட்டுப் போனார்.

அறையில் வேலை நிறைய இருந்தது. கட்டிலுக்கு அடியில் பழந்துணி மூட்டை ஒன்று, ஈரம் உலராமல் முடிந்து வைத்தது. அதை எரிக்க ஒதுக்கினாள். சிமெண்டுத் தரையைச் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினாள். பிறகு ஊறுகாய்க்கென்று வாங்கி வைத்திருந்த வினிகரை அரை வாளித் தண்ணீரில் ஊற்றி, தரை, கட்டில் கால், சன்னல் கம்பி, கதவின் பின்பக்கம் எல்லாம் துடைத்தாள். ஊறிப்போன வாடைக்குப் புளிப்புதான் பகை. சுருக்கென்று ஏறிய வினிகர் வாசம், காற்று புகுந்ததும் கால் மணியில் போய்விட்டது. போகும்போது தன்னோடு பழைய வாடையையும் கூட்டிக்கொண்டு போனது.

நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கமலாத்தாள் மெதுவாகக் கேட்டாள். "சோடாவையும் இதுலயே கலக்கிப்போட்டா ஒரே வேலையா முடியுமே?"

"ரெண்டையும் கலந்தா ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு ரெண்டும் வீணுங்மா. நொரைதான் மிச்சம்."

"அப்ப உங்க அத்தையும் நானும் மாதிரின்னு சொல்லு."

கௌசிகா கையில் துணியோடு அப்படியே நின்றாள். அம்மா கேலி பேசி எத்தனை நாள் ஆயிற்று! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மறுபடி குனிந்து துடைத்தாள்.

அறை மூலையில் தண்ணீர் போகிற ஓவில் ஒரு கை சோடாவைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். அலமாரித் தட்டில் ஒரு கிண்ணம் காப்பித்தூள் வைத்தாள். காலை ரசத்துக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலையும் நாலு கிராம்பையும் ஒரு துண்டுப் பட்டையையும் போசியில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆவி பறக்கத் தூக்கிவந்து சன்னலடியில் வைத்தாள். வாசலுக்கும் சன்னலுக்கும் நேர்கோடாகக் காற்று ஓடியது. மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று; இந்தச் சீமையில் அதற்குக் குறைவே இல்லை. அதைத்தான் மூன்று மாதம் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கமலாத்தாள் மூக்கை லேசாக உறிஞ்சினாள். இன்னொரு தரம் உறிஞ்சினாள். பிறகு மூச்சை ஆழமாக இழுத்தாள். பயந்து பயந்து இழுத்தது போல இருந்தது.

"வரலியே" என்றாள்.

"வராதுங்மா." கௌசிகா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நாறுனது நீங்க இல்லீங்மா. இந்த ரூமுங்க. நானும் நீங்கதான்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க."

கமலாத்தாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மகளின் தலையில் கை வைத்தாள்.  "ஒரு காப்பி போட்டுக் குடு கண்ணு" என்றாள். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக வாய்விட்டுக் கேட்ட முதல் பண்டம் அது.

ஒன்பது மணிக்குப் பொன்னாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே குரல்.

"அட கண்றாவியே! ஏம்புள்ள, மெத்தையைக் கொண்டாந்து வாசல்ல போட்டிருக்கறே? அவங்க வர்ற நேரத்துல இதா வரவேற்பு?"

"காயட்டும்ங்க அத்தை."

"கொல்லையில காயப்போடறது!"

"கொல்லையில தென்னமர நெழலுங்க. வெயிலு இங்கதான்."

பொன்னாத்தாள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து மல்லிகைப் படம் போட்ட வாசனை ஸ்ப்ரே டப்பா எட்டிப் பார்த்தது. போன மாதமும் இதே போல் ஒன்று வாங்கி வந்து, கதவிடுக்கு வழியாக அறைக்குள் அடித்தாள். அன்று முழுக்க கமலாத்தாள் இருமினாள். நாற்றத்தின் மேல் மல்லிகை ஏறி உட்கார்ந்து இரண்டும் சேர்ந்து குமட்டியது.

மேற்கு அறை வாசலில் நின்ற பொன்னாத்தாள், வழக்கம்போல் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோன கை பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை.

"சரி, சரி. கமலா, எந்திரி. ஆட்டோ நிக்குது. நாலு மணிக்கு ஆள் அனுப்பறேன்."

கமலாத்தாள் குளித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி டம்ளர் கையில் இருந்தது.

"அம்மா சாளைக்குப் போனா நானும் போறேனுங்க" என்றாள் கௌசிகா. "வர்றவங்க உங்களைப் பாத்துட்டுப் போகட்டும்."

"வாயைப் பாரு! உனக்கோசரம்தானே இத்தனையும் பண்றேன்? இருவத்தொம்பது வயசாச்சு. இதுவும் தட்டிப் போச்சுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? குப்பண்ணா, உன்ற மகளுக்கு நீயாச்சும் சொல்லு."

குப்பண்ணன் ஆசாரத்துத் தூணருகே நின்றிருந்தார்.  துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பொன்னாத்தாள் ஸ்ப்ரே டப்பாவின் மூடியைத் திருகினாள். "எதுக்கும் ரெண்டு அடி அடிச்சுப்போடறேன்."

"நங்கையா." நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவாள் கமலாத்தாள். குரல் உரக்க வரவில்லை. ஆனாலும் டப்பா நின்றது. "அதைக் கீழ வெய்யிங்க."

"என்னது?"

"கீழ வெய்யிங்க. எனக்கு அது ஆகாது. இருமலு வரும். மூணு மாசமா நீங்க மூக்கைப் பொத்துனப்பெல்லாம், சரி, நம்ம மேலதான் தப்புன்னு பொறுத்துக்கிட்டேன். இனி முடியாதுங்க. இது என்ற ஊடு. என்ற மகளைப் பாக்க வர்றாங்க. நான் ஆசாரத்துலதான் உக்காருவேன்."

பொன்னாத்தாள் தம்பியைப் பார்த்தாள். குப்பண்ணன் வாசலுக்குப் போனார். ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னார். ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

பொன்னாத்தாள் கிளம்பிவிடுவாள் என்று கௌசிகா நினைத்தாள். கிளம்பவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஆசாரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று பார்க்காமல் போக அவளால் முடியாது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. முதல் தடவை என்பதால் மாப்பிள்ளை அருள்குமாரும் அவன் அம்மா மயிலாத்தாளும் மட்டும் வந்திருந்தார்கள். அருள்குமாருக்குக் கஞ்சிக்கோட்டிலேயே ஒரு இரும்புக் கம்பெனியில் எஞ்சினியர் வேலை. தன் அப்பா ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றான். மெத்தை இன்னும் வாசலில்தான் காய்ந்துகொண்டிருந்தது. மயிலாத்தாள் படியேறும் முன் நின்று அதைப் பார்த்ததை கௌசிகா கவனித்தாள்.

"பொண்ணோட அம்மா எங்கீங்க?" உட்கார்ந்ததும் மயிலாத்தாள் கேட்ட முதல் கேள்வி.

பொன்னாத்தாள் முந்திக்கொண்டாள். "அவ கோயமுத்தூரு ஆசுபத்திரிக்கு..."

"வாங்க, வாங்க" என்றபடி கமலாத்தாள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. வந்து கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

 உட்கார்ந்த உடனே, கமலாத்தாளின் சேலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் வருமே, அப்படி. கொஞ்ச நேரம் நீடித்தது. அருள்குமார் பார்வையைத் தரையில் இறக்கினான். பொன்னாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கமலாத்தாளின் கை வயிற்றுக்குப் போயிற்று. முகம் சிவந்தது. கௌசிகா எழப்போனாள். அம்மா வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

"அது நாந்தானுங்க" என்றாள். "கொடல்ல கட்டி வந்து அறுத்து எடுத்தாங்க. இப்ப வயித்துல ஒரு பை ஒட்டியிருக்குதுங்க. அது எப்பச் சத்தம் போடும்னு எனக்கே தெரியாதுங்க. நான் ஆசுபத்திரிக்கும் போகல, எங்கயும் போகலீங்க. இதே ஊட்ல மேக்கால ரூமுலதான் இருக்கறேன். தெரிஞ்சுக்கிட்டு மேக்கொண்டு பேசறதுதானுங்க மொறை."

மயிலாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்த ரூமை நான் பாக்கலாமுங்களா?"

போச்சு என்பது போல் பொன்னாத்தாள் நெற்றியில் கை வைத்தாள். கௌசிகா முன்னால் நடந்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. இந்த இடமும் தட்டிப் போனால் போகட்டும்.

மயிலாத்தாள் அறையின் நடுவில் நின்றாள். சன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகள் அடித்துக்கொண்டன. அவள் கட்டில் சட்டத்தைத் தொட்டாள். தரையைப் பார்த்தாள். ஓவுப்பக்கம் குனிந்துகூடப் பார்த்தாள்.

"எத்தனை மாசமாப் படுக்கை?"

"மூணுங்க."

"என்ன பண்ணி இந்த வாசத்தை எடுத்தே, அம்மிணி?"

கௌசிகா சொன்னாள். சோடா, வினிகர், வெயில், காற்று. காப்பித்தூள் கிண்ணத்தைக் காட்டினாள். மயிலாத்தாள் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்டாள். தகரக் கட்டிலுக்கு வினிகர் ஆகுமா? மெத்தையை அசைக்கவே முடியாவிட்டால் படுத்த இடத்திலேயே சோடா தூவலாமா? படுக்கைப் புண்ணுக்குப் பக்கத்தில் அது படலாமா? பெண் பார்க்க வந்தவள் கேட்கிற கேள்விகளாக இல்லை.

"புண்ணு இருந்தா சோடா பக்கத்துல போகக்கூடாதுங்க. நர்சைத்தான் கேக்கோணும்" என்ற கௌசிகா, கொஞ்சம் நிறுத்தி, "ஆருக்குங்க புண்ணு?" என்றாள்.

மயிலாத்தாளின் உதடு கோணியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அருளோட அப்பா ஈரோட்டுக்குப் போகல, அம்மிணி. ரெண்டு வருசமாக் கட்டில்லதான் கெடக்கறாரு. ஒரு பக்கம் வெளங்கல. நாங்க கதவைத் தெறக்கறதே..."

"அம்மா." அறை வாசலில் அருள்குமார் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "கெளம்பலாம்."

"கல்யாணத்துக்குப் போயிருக்கறாருன்னீங்க?" என்று கேட்டாள் கௌசிகா.

"சொல்ற மாதிரி இருந்தாச் சொல்லியிருப்பேனுங்க."

"எங்க அத்தையும் அப்பிடித்தான் நெனச்சாங்க. ஆனா எங்கம்மா சொல்லிப்போட்டாங்க."

அருள்குமார் செருப்பை மாட்டினான். காரை நோக்கி நடந்துவிட்டான். மயிலாத்தாள் மட்டும் திரும்பி ஆசாரத்துக்கு வந்து, கமலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாற ஞாயித்துக்கெழம உங்க மகளை எங்க ஊட்டுக்கு அனுப்புங்க. கல்யாணப் பொண்ணாட்டமில்ல. எனக்கு அந்த ரூமைத் தெறக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். சம்மந்தம் அப்பறம் ஆகட்டும், ஆகாமப் போகட்டும்."

"கௌசி மட்டுமில்லீங்க" என்றாள் கமலாத்தாள். "நானும் வர்றேன். கட்டில்ல கெடக்கறவருகிட்டப் பேசறதுக்கு என்னாட்டம் ஒருத்தி இருந்தா நல்லதுங்க."

"நீ கார்ல போறதா!" என்று பொன்னாத்தாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

கார் போய் அரை மணி நேரத்தில் கௌசிகாவின் போன் சிணுங்கியது. ஜாதகத்தோடு கொடுத்த எண்ணுக்கு அருள்குமார் அனுப்பியிருந்தான். 'அப்பாவை அந்தக் கோலத்துல வெளியாளு யாரும் பாக்கறது எனக்குப் புடிக்கல. அம்மா ஏதோ பேசிட்டாங்க. தயவு செஞ்சு வராதீங்க.'

அவள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அவருக்குப் புடிக்கறது இருக்கட்டும்" என்றாள் கமலாத்தாள். "கெடக்கறவருக்கு என்ன புடிக்கும்னு ஆராச்சும் கேட்டாங்களா?"

அப்பாவும் அங்கேதான் இருந்தார். கௌசிகா அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அக்காவுக்கு ஒரு பதிலும் சொல்லாத குப்பண்ணன், "வண்டிக்கு நாஞ் சொல்லி வெக்கறேன்" என்றார்.

கௌசிகா தட்டச்சு செய்தாள். 'ஞாயிறு பதினோரு மணிக்கு வருவோம். அம்மாவும் நானும்.'

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அவன் ஏதோ எழுதுகிறான் என்று போன் காட்டியது. எழுதுவது நின்றது. மறுபடி எழுதத் தொடங்கினான்.